சிவப்புத் தண்ணீருக்குப் பிண்ணாக்கு

கொட்டகையை விட்டு வெகுதூரம் வந்த பிறகுதான் கையில் கந்தல் துணி ஒன்று இருப்பதைப் பார்த்தேன். கண்ணாடி துடைக்கிற துணி. அதை வேலி முள்ளில் மாட்டிவிட்டு நடந்தேன். உச்சி வெயில். செம்மண் பாதை முடிந்து தார் ரோடு தொடங்கும் இடத்தில் திண்டிவனம் போகிற பஸ் என்னைத் தாண்டிப் போய் நின்றது.

"இன்னா கலர் கம்பெனி, ஏறலியா?" கண்டக்டர் படியில் தொங்கியபடி கேட்டார்.

"நீ போண்ணே. நான் நடந்துக்கினே வர்றேன்."

"வெயில்ல வெந்து நீயும் செவப்பாயிடப் போற!" விசில் ஊதிவிட்டார்.

ஓரிடத்தில் உட்கார முடியாத நேரங்களில் பஸ்ஸில் உட்காருவதும் எனக்கு ஆகாது. நடப்பது மேல். திண்டிவனம் போய், அங்கிருந்து விழுப்புரம் போய், ஜங்ஷனில் முதலில் வந்து நிற்கிற ரயிலில் ஏறிவிடுவது. அதுதான் திட்டம். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து என் திட்டங்கள் எல்லாம் இந்த அளவுதான். விழுப்புரத்திலிருந்து ரயில் நாலு பக்கமும் பிரியும். எந்தப் பக்கம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அந்தக் கொட்டகை வேலையும் விழுப்புரத்தில் கிடைத்ததுதான். அங்கே மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். வரத்து நின்றதும் வேலையும் நின்றது. பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ்ஸில் ஏறலாம் என்று நின்றபோது, தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் மரப்பெட்டி ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி வந்தார். பெட்டிமேல் கறுப்புத் துணி சுற்றியிருந்தது.

"தம்பி, திண்டிவனம் வரைக்கும் இதை மடியில வச்சுக்க முடியுமா? சாயக் கூடாது."

"பாம்பா சார்?"

"பாம்பா இருந்தா நானே வச்சுப்பேன். இது கண்ணுக்கே தெரியாத உயிருப்பா. பாக்டீரியா."

திண்டிவனத்தில் இறங்கிய பிறகும் பெட்டி என் கையில்தான் இருந்தது. வானூர்ப் பக்கம் போகிற பாதையில் அவரோடு நடந்தேன். கொட்டகை வந்தது. அங்கேயே வேலைக்கு இருந்துவிட்டேன். நீ யார், எந்த ஊர், என்ன படித்தாய் என்று அவர் கேட்கவில்லை. பெட்டி சாயவில்லை என்பதை மட்டும் திறந்து பார்த்துக்கொண்டார்.

எண்பதுகளில், மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடை வாசலில் டின்னை வரிசையில் வைத்துவிட்டுப் போகிற காலம் அது. சார் செய்ய நினைத்தது இதுதான்: வெயிலை வைத்து எரிகிற வாயு எடுப்பது. வெயிலில் வளர்கிற ஒரு சிவப்பு பாக்டீரியா இருக்கிறது. அதற்குப் புளித்த கஞ்சி மாதிரி ஏதாவது ஊற்றிக் காற்றுப் படாமல் வெயிலில் வைத்தால் ஹைட்ரஜன் விடும். ஆனால் விட்டதில் பாதியைத் தானே திரும்ப இழுத்துக்கொள்ளும். சார் பட்டணத்தில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பல வருஷம் உட்கார்ந்து, அந்தத் திரும்ப இழுக்கிற குணத்தை அதன் பிறப்பிலிருந்தே எடுத்துவிட்டார். எனக்கு அவர் சொன்ன விதம் வேறு.

"இதுக்கு ரெண்டு வாய்னு வச்சுக்கோ. ஒண்ணு விடுற வாய், ஒண்ணு முழுங்குற வாய். நான் முழுங்குற வாயை அடைச்சுட்டேன். இனிமே இதோட குட்டி, குட்டியோட குட்டி எல்லாத்துக்கும் ஒரே வாய்தான்."

"பாவம் சார்" என்றார் அக்கா.

அக்கா என்று நான் கூப்பிட்டவர் பக்கத்து ஊர்க்காரர். சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாத குடும்பம். சின்ன வயதிலிருந்து ஒரே நிலக்காரர் வீட்டுக் களத்தில் வேலை. ஒருநாள் அந்த வீட்டுப் பிள்ளை அவருடைய கேப்பைக் கூழ்ச் சட்டியைக் காலால் தள்ளிவிட்டான். "இனிமே உன் வாசல்ல வந்து நின்னா என் பேர மாத்திக் கூப்புடு" என்று சொல்லிவிட்டு வந்தவர், நேராகச் சாரின் கொட்டகைக்கு வந்து பெருக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது பெருக்குவது, கண்ணாடி கழுவுவது, தண்ணீர் காய்ச்சுவது, பாக்டீரியாவுக்குத் தீனி ஊற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. புருஷன் பாண்டிச்சேரியில் கட்டட வேலைக்குப் போனவர், தீபாவளிக்குத்தான் வருவார். வீட்டில் மாமியாருக்கும் சேர்த்துச் சம்பாதிக்கிற ஆள் அக்கா மட்டும். கொட்டகை மூடினால் அவர் போய் நிற்க வேண்டிய வாசல் ஒன்றுதான். அது அவருக்கும் தெரியும், அந்த நிலக்காரருக்கும் தெரியும். ரோட்டில் பார்க்கும்போதெல்லாம், "இன்னா, சோடாக் கம்பெனி இன்னும் ஓடுதா?" என்று விசாரிப்பாராம்.

அப்படித்தான் கலர் கம்பெனி என்ற பெயரும் வந்தது. புகைப்படச் சட்டம் மாதிரித் தட்டையான கண்ணாடிப் பெட்டிகள், தெற்குப் பார்த்து வரிசையாகச் சாய்த்து வைத்திருக்கும். உள்ளே மாதுளைச் சாறு நிறத்தில் தண்ணீர். ரோட்டில் போகிறவர்கள் கலர் சோடா என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்து விலை கேட்பார்கள். மூக்குக்கு வாசம் எட்டியதும் போய்விடுவார்கள்.

என் வேலை இரண்டு. திண்டிவனம் ரைஸ் மில்லில் நெல் ஊறவைத்த தண்ணீரைக் கேனில் பிடித்து மூன்று சக்கர வண்டியில் மிதித்து வருவது. அதை மூடிவைத்துப் புளிக்கவிட்டு, காய்ச்சி ஆறவைத்து, சார் குறித்த அளவில் அக்கா ஊற்றுவார். மற்றது, பெட்டிகளைக் குலுக்குவது. பாக்டீரியா அடியில் போய்ப் படிந்துவிடும், கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். படிந்தால் வெயில் படாது. அதனால் நாள் முழுக்க வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துகொண்டே ஒவ்வொன்றாகக் குலுக்க வேண்டும். கடைசிப் பெட்டிக்குப் போவதற்குள் முதல் பெட்டி படிந்திருக்கும். உட்காரவே முடியாது. எனக்கு ஏற்ற வேலை இந்த உலகத்தில் ஒன்று உண்டு என்றால் அதுதான். அப்படியும் சில மாதங்களில் உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்தது. ஆணியில் தொங்கிய பையில் துணியை எடுத்துப் போடுவேன். வெளியே எடுப்பேன். மறுபடி போடுவேன்.

"கால்ல சக்கரம் கட்டிக்கினு பொறந்தவன்டா நீ" என்பார் அக்கா. "அந்த வண்டில இருக்கறது மூணு, உன் கால்ல ரெண்டு."

வெளிவருகிற வாயு குழாய் வழியே சுண்ணாம்புத் தண்ணீருக்குள் புகுந்து, தொட்டியில் கவிழ்த்து வைத்த டிரம்முக்குள் போய்ச் சேரும். வாயு சேரச் சேர டிரம் மேலே எழும். டிரம்மில் சார் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டிருந்தார். கோடு தண்ணீருக்கு மேலே தெரிந்தால் நாலு பேருக்கு டீ போடலாம். முதல் முறை அப்படி டீ போட்டபோது நான் அடுப்பு எரியவில்லை என்றே நினைத்தேன். பகல் வெளிச்சத்தில் அந்த நெருப்பு கண்ணுக்குத் தெரியாது. சார் ஒரு காகிதத்தை நீட்டினார், பற்றிக்கொண்டது. பால் பொங்கி வழிந்தபோதுதான் அக்கா நம்பினார். மில் மேஸ்திரியிடம் போய் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

"தண்ணி காய்ச்சறதுக்கு இன்னா எரிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"வெறகு."

"எவ்ளோ?"

சொன்னேன்.

"வண்டி வெறக எரிச்சி ஒரு டம்ளர் டீ. நல்ல கம்பெனிடா!" மில்லே சிரித்தது.

சாரிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். "அவர் சொல்றது சரிதான். விறகு இல்லாம காய்ச்ச வேற வழி பார்க்கணும். அதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் வேணும். அந்த ரெண்டு வருஷத்தைத்தான் கேக்கப் போறேன்."

கேட்க வேண்டிய இடம் பட்டணத்தில் ஓர் அலுவலகம். அங்கிருந்து ஒரு அதிகாரி நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. வெயிலில் போட்ட டீயை அவர் குடித்துவிட்டால் கொட்டகை நடக்கும். இல்லையென்றால் மூட வேண்டியதுதான். சார் இதை எங்களிடம் ஒளிக்கவில்லை. அதிகாரியை அழைத்துவரப் பட்டணம் போனபோது அக்காவிடம், "அளவு மாறக் கூடாதும்மா. புதுசா எதுவும் சேர்க்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை.

அந்த நாட்களில் பெட்டிகளின் நிறம் வெளிறத் தொடங்கியிருந்தது. வாயு நன்றாகத்தான் வந்தது, டிரம் ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்குத் தண்ணீர் சோகை பிடித்த மாதிரி இருந்தது. அக்கா வரிசையின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"பொண்ணு பாக்க வர்றாங்க, பொண்ணு பட்டினியாக் கெடக்குது. நாளைக்கு சந்தைக்கு ஓட்டற மாட்டுக்கே இன்னிக்குப் பிண்ணாக்குத் தண்ணி காட்டறோம். இதுங்களப் பாரு, வெளுத்து."

"சாரு ஒண்ணும் சேக்கக் கூடாதுன்னாரே."

"ஆம்பளைங்க சொல்றது. அவருக்கு மாடு இருக்குதா, பொண்ணு இருக்குதா?"

பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்து வண்டியை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டேன். நான் திரும்புவதற்குள் அவர் வீட்டிலிருந்து மல்லாட்டைப் பிண்ணாக்கு எடுத்துவந்து ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, காய்ச்சி ஆறவைத்து, எல்லாப் பெட்டிக்கும் ஒரே அளவாக ஊற்றிவிட்டிருந்தார். சுத்தத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. சார் கற்றுக்கொடுத்த முறையை அப்படியே செய்திருந்தார், தீனியை மட்டும் மாற்றி.

ஒன்றிரண்டு நாளில் நிறம் ஏறியது. அப்படி ஒரு சிவப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பழுத்த நாவல் பழத்தை நசுக்கிய மாதிரி அடர்த்தி. அக்கா பூரித்துப்போனார். "பாத்தியா? சோறு போட்டா எதுவும் நல்லாத்தான் இருக்கும்" என்றார். எனக்கும் அது அழகாகவே பட்டது. அப்போதுதான் எப்படி என்று கேட்டேன், சொன்னார். டிரம் ஏறாமல் நின்றுவிட்டதை இரண்டு பேரும் பார்த்தோம். குழாயில் எங்கோ ஓட்டை என்று நினைத்து மூட்டுகளுக்கெல்லாம் மெழுகு பூசினேன். பூசியும் டிரம் ஏறவில்லை, கோடு தண்ணீருக்குள்ளேயே கிடந்தது.

சாரும் அதிகாரியும் காரில் வந்து இறங்கினார்கள். அதிகாரி சஃபாரி சூட் போட்டவர். பெட்டி வரிசையைப் பார்த்ததும், "அடேயப்பா, என்ன கலர்!" என்றார். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். சார் மட்டும் பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் வெளுத்தது. பிறகு டிரம்மைப் பார்த்தார். அடுப்பைத் திருகித் தீக்குச்சி வைத்தார். சின்னதாக டப் என்றது. கொஞ்ச நேரம் எரிந்தது, அணைந்தது. அக்கா வைத்த பால் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "டீ?"

"இன்னிக்கு வராது சார்" என்றார் சார். எங்கள் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "இதுக்கு நைட்ரஜன் சத்து கிடைச்சிருக்கு. கிடைச்சா இது கொழுக்கும், வாயு விடாது. அந்தச் சத்து இல்லாம தவிக்கும்போதுதான் ஹைட்ரஜன் விடும். யார் என்ன ஊத்தினீங்க?"

அதிகாரி சாரை முந்திக்கொண்டார். "நான் ஆபீஸ்லயே சொன்னேனே. படிச்ச பையனைப் போடுங்க, கிராமத்துப் பொம்பளைய வச்சுக்கிட்டு இதெல்லாம் நடக்காதுன்னு. முதல்ல அந்தம்மாவ அனுப்புங்க. மத்ததை அப்புறம் பேசலாம்."

அக்காவின் உதடு பிரிந்தது. கையில் டீ வடிகட்டி. அவர் பேச ஆரம்பிப்பதற்குள் நான், "நான்தான் சார் ஊத்தினேன். பிண்ணாக்குத் தண்ணி" என்றேன்.

இதில் தியாகம் எதுவும் இல்லை. பை முந்தின நாளே கட்டி ஆணியில் தொங்கியது. அதிகாரி வந்து போனதும் கிளம்புவதாகத்தான் இருந்தேன். போகிறவன் மேல் இன்னொரு மூட்டையை ஏற்றினால் என்ன, கமிட்டியில் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன். சார் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, "நீ போப்பா" என்றார். அதிகாரிக்கு அது பிடித்திருந்தது. அடுத்த மாதம் இன்னொரு முறை வருவதாகச் சொன்னது பையை எடுக்கும்போது காதில் விழுந்தது. அக்காவை நான் பார்க்கவில்லை.

புளியமரங்கள் முடிந்து திண்டிவனத்தின் முதல் வீடுகள் வந்தன. வழக்கமாக ஓர் இடத்தை விட்டு வந்தால் கூப்பிடு தூரத்திலேயே அது என்னை விட்டுவிடும். ஓட்டல், செங்கல் சூளை, கமிட்டி எல்லாம் அப்படித்தான் உதிர்ந்தன. இந்தத் தடவை உதிரவில்லை. பெட்டிகளை இப்போது யார் குலுக்குவார்கள் என்று கை துடித்தது. மில் தண்ணீர் தீர்ந்திருக்குமே, யார் போய்ப் பிடிப்பார்கள்? அல்லது பிடிக்கவே வேண்டாம் என்று சார் முடிவு செய்துவிட்டாரா? அக்கா வாயை மூடிக்கொண்டு இருப்பாரா?

மில் வாசலைத் தாண்டும்போது மேஸ்திரி கூப்பிட்டார். "டேய் கலர் கம்பெனி! கேன் எங்க?"

"வேலைய விட்டு நின்னுட்டேங்க. விழுப்புரம் போறேன்."

"விழுப்புரத்துல இன்னா, உன் மாமியார் வூடா? தொட்டியாளு ஒரு சாவுக்கு ஊருக்குப் போய்ட்டான். பெரிய பேஜாரு. காலைல வந்து தொட்டில எறங்கறியா?"

"இல்லீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ் தயாராக நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர் கோழியோடு வந்து உட்கார்ந்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். கால் அரித்தது. எப்போதும் கிளம்புவதற்காக அரிக்கிற கால், இப்போது இறங்கச் சொல்லி அரித்தது. கோழியைத் தாண்டிக் குதித்தேன். பெரியவர் திட்டினார். கண்டக்டரும் திட்டினார். மில்லுக்கே திரும்பிப் போய் மேஸ்திரி முன்னால் நின்றேன்.

"இன்னாடா, விழுப்புரம் அதுக்குள்ள வந்துட்டுதா?" என்றார். சாக்குகள் அடுக்கிய இடத்தைக் காட்டினார். அன்று அங்கே படுத்தேன்.

காலையில் தொட்டி வேலை. ஊறிய நெல்லின் மேல் தொடை ஆழத் தண்ணீரில் நின்று, பதரை வாரி வெளியே போட்டு, அடியிலுள்ள குழாயைத் திறந்து தண்ணீரை வடிய விட வேண்டும். பிறகு நெல்லைக் கூடையில் அள்ளி அவிக்கிற இடத்துக்குக் கொடுக்க வேண்டும். வேலையை ஆரம்பித்ததிலிருந்து என் பார்வை வாசல் பக்கமே இருந்தது.

வெயில் ஏறிய பிறகு மூன்று சக்கர வண்டி வாசலில் திரும்பியது. மேலே யாரும் இல்லை. பின்னாலிருந்து அக்கா தள்ளிக்கொண்டு வந்தார். புடவையை இழுத்துச் செருகியிருந்தார், முழங்கால் வரை செம்மண். வண்டியில் கேன்கள்.

தொட்டியில் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நீ ரயிலு ஏறிட்டன்னு நெனச்சேன். நெல்லுத் தொட்டில எருமையாட்டம் நிக்கிற."

"மிதிச்சிக்கினு வர்றதுதானே அக்கா. எதுக்குத் தள்ளிக்கினு?"

"எங்கப்பன் எனக்கு சைக்கிளு சொல்லிக் குடுத்தானா? விடியறதுக்கு மின்னாடி கெளம்பினேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு குரல் மாறியது. "ஏன்டா, என் தப்ப எடுத்துக்கினு போவ நீ யாரு?"

கையிலிருந்த பதரை வெளியே வீசினேன்.

"நான் கேட்டனா? நான் ஊத்தினேன், நான் சொல்லிட்டுப் போறேன். நிலக்காரன் வாசல்ல நிக்கணும்னா நானே நடந்து போய் நிக்கிறேன். என்னக் கேக்காம என்ன காப்பாத்தறதுக்கு நீ இன்னா எம்.எல்.ஏ.வா?"

"சாருகிட்ட சொல்லிட்டியா?"

"கார் போனதுமே சொன்னேன். எனக்குத் தெரியும்மான்னாரு. ஏன் சேக்கக் கூடாதுன்னு நான் சொல்லியிருக்கணும், என் தப்புதான்னு அவரும் ஒண்ணு எடுத்துக்கினாரு. ஆளாளுக்கு என் தப்பப் பங்கு போட்டுக்கிறீங்க." சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அடக்கிக்கொண்டார். "பாதி பெட்டிய கீழ ஊத்திட்டு, மரப்பெட்டியில மிச்சம் வெச்சிருந்ததுல புதுசா வளத்துக்கினு இருக்காரு. ஒரு மாசம். அந்த சஃபாரி வந்து டீ குடிச்சா நான் இருக்கேன். இல்லன்னா இல்ல."

"பெட்டிய யாரு குலுக்கறாங்க?"

"சாரே குலுக்கறாரு. முதுவு புடிச்சிக்கினு. ஒவ்வொண்ணா, மன்னிப்பு கேக்கற மாரி."

"டேய், தொட்டில எறங்கினவன் குடும்பம் நடத்தறியா அங்க?" மேஸ்திரி களத்திலிருந்து கத்தினார். "ஜல்தி!"

நான் வெளியே வந்து கேனைக் குழாய்க்கு அடியில் வைத்துத் திறந்தேன். நாற்றத்தோடு மஞ்சள் தண்ணீர் விழுந்தது. அக்கா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கேன் நிறைவதற்கு முன்பே என் கையைத் தட்டினார்.

"போதும், போதும். அளவாத்தான் கொண்டாரணும்னாரு. பசியோட கெடக்கட்டுமாம்."

குழாயை மூடினேன். கேன்களை வண்டியில் ஏற்றிக் கட்டிக்கொடுத்தேன். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டே, "நாளைக்கும் இங்கதான் இருப்பியா?" என்று கேட்டார்.

"நாளன்னிக்கும் வர்றதா இருந்தா சொல்லு, இருக்கேன்" என்றேன்.

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். நான் தொட்டிக்குள் இறங்கிக் கூடையை எடுத்தேன்.